முன்னால தெரியுதா?

முதலில் அவருடைய துண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காப்பிக்கடைகளில் மேசை துடைப்பார்களே, சிவப்பு எழுத்து அச்சடித்த வெள்ளைத் துண்டு, அது எப்போதும் அவர் தோளில் கிடக்கும். வெள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறேன். நான் பார்த்தவரைக்கும் அது ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை. அந்தத் துண்டால் கழுத்து வியர்வையைத் துடைப்பார். அதே துண்டால் மைக்கைத் துடைப்பார். நாசி கண்டார் சோறு சாப்பிட்ட குழம்புக் கையை அதிலேயே துடைத்துவிட்டு, பாடகர் குடிக்க வேண்டிய தண்ணீர் பாட்டிலின் வாயை அதால் ஒரு சுற்றுச் சுற்றி, "கிளீன்லா, எல்லாம் கிளீன்" என்று கொண்டுபோய் மேடையில் வைப்பார். ஊர் ஊராக விமானத்தில் பறந்துவரும் பாடகன், பாட்டுக்கு நடுவில் அந்த பாட்டிலைக் கவிழ்த்துக் குடிப்பான். ஜனம் கத்தும். மேடை ஓரத்தில் நிற்கிற நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் தங்கமானவர் என்று சாட்சி சொல்ல பினாங்கில் ஒரு கூட்டமே கிளம்பிவரும். நாங்கள் எல்லாரும் பெரியண்ணே என்றுதான் கூப்பிடுவோம். கோலாலம்பூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ராக் இசைக்குழு எது ஜார்ஜ் டவுனுக்கு வந்தாலும், மேடைக்குப் பின்னால் உள்ளூர் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். லோரியிலிருந்து பெட்டி இறக்குவது, ஸ்பீக்கர் அடுக்குவது, கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது, பாடகருக்கு வெந்நீர் வைப்பது என்று எல்லாமே அவர் கூப்பிடும் ஆட்கள் செய்கிற வேலை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சனி ஞாயிறுகளில் அவரிடம் வயர் இழுக்கிற வேலைக்குப் போவேன். பாட்டுப் பைத்தியம், வேறு காரணம் கிடையாது. அந்தப் பைத்தியம் தெளிய வேண்டுமென்றால் ஆளை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

பின்னால் என்ன இருக்கிறது என்று முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. வெயிலில் வேகும் பிளாஸ்டிக் கழிப்பறை இருக்கும். ஒரே தோல் சட்டையை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு வருகிறவனின் அக்குள் நாற்றம் இருக்கும். டிரம்ஸ்காரன் பக்கத்தில் ஒரு வாளி இருக்கும்; அவன் பாட்டுக்குப் பாட்டு அதில் காறித் துப்புவான், சில நாள் வாந்தியும் எடுப்பான். அந்த வாளியை யாராவது தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். வந்தவர்கள் கையலம்பி உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டபின், மிச்சம் இருப்பதுதான் உள்ளூர் ஆட்களுக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரியண்ணன் பண்ணுகிறதைத்தான் என்னால் பார்க்க முடியாது. பாடகன் கடித்து வைத்த கோழிக்காலை அவன் தட்டிலிருந்தே எடுத்து, "யாரு வாய் பட்டது தெரியுமா?" என்று எங்களிடம் காட்டிவிட்டு, கோவில் பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிச் சாப்பிடுவார். எலும்பைச் சப்பி முடித்ததும் விரல் துண்டுக்குப் போகும்.

இந்த அசிங்கத்தையெல்லாம் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது அவர் வாயில் எப்போதும் இருக்கும் ஒரு கேள்வி. "முன்னால தெரியுதா?"

மேடைப் பலகை ஒன்று உடைந்திருக்கிறது என்று போய்ச் சொன்னால், "முன்னால தெரியுதா?" என்பார். தெரியாது என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இடுப்பில் வளையம் வளையமாகத் தொங்கும் கறுப்பு டேப்பில் ஒன்றை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, உடைந்த இடத்தின் மேல் ஒட்டுவார். மேடை வேலையில் எல்லாரும் டேப் ஒட்டுவோம். கழற்ற வசதியாக டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிடுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். நாங்கள் சும்மா மடிப்போம். அவர் மட்டும் நகத்தால் நீவி, அழகாக ஒரு முக்கோணமாக மடிப்பார். எந்த மேடையிலும் அந்த முக்கோணத்தைப் பார்த்தால் அதன் கீழே ஏதோ கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன்.

ஒருமுறை கடலோரத் திடலில் மேடை போட்டிருந்தோம். மேடைக்கு அடியில் எலி செத்துக் கிடந்தது. பெருச்சாளி. வெயில் ஏற ஏற நாற்றம் தாங்கவில்லை. "பலகையக் கழட்டி எடுத்துப் போட்ருவோம் பெரியண்ணே" என்றேன். பலகையைக் கழற்றினால் விரித்த கம்பளத்தை எடுக்க வேண்டும். விளக்குக்காரர்கள் கோபிப்பார்கள்.

"முன்னால தெரியுதா?"

"நாத்தம் அடிக்குதுண்ணே."

"நாத்தம் கண்ணுக்குத் தெரியுமாலா?" என்று சிரித்தார். பலகை இடுக்குகளை எல்லாம் டேப்பால் அடைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி, அதன்மேல் ஒரு பாட்டில் வாசனைத் தண்ணீரைக் கொட்டினார். செத்த எலியும் ரோஜா வாசனையும் கலந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கற்பனை பண்ண வேண்டாம். பின்பாட்டுப் பாடிய இரண்டு பெண்களும் மூக்கைப் பிடிக்க முடியாமல் சிரித்த முகமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு நாள் பெட்டி இறக்கும்போது ஒருவருக்கு விரல் பிளந்துவிட்டது. ரத்தம் ஊற்றுகிறது. பெரியண்ணன் அதே டேப்பை எடுத்து விரலைச் சுற்றி இறுக்கிவிட்டு, நுனியை முக்கோணமாக மடித்து, "போதும்லா, போ" என்று அனுப்பினார். விரல் பழுத்து, டேப்பை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. அந்த ஆளே பிறகு என்னிடம் சொன்னார், "பெரியண்ணே கையால கட்டுப் போட்டுவுட்டாருடா, அந்த மனசு யாருக்கு வரும்?" என்று.

அதுதான் எனக்குப் புரியாத சங்கதி. எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். வேலை முடிந்தால் ஒவ்வொருவரையும் தன் வேனில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். யார் அம்மாவுக்கு முட்டிவலி, யார் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நோய் விசாரிக்க வரும்போது ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். முன்னால் நின்று பார்த்தால் அவரிடமும் ஒரு குறை தெரியாது.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் தடித்த ரப்பர் அடி வைத்த சப்பாத்துதான் போடுவார். நாங்களெல்லாம் சிலிப்பரில் திரிவோம். இரண்டாவது, மைக்கை வெறுங்கையால் தொட மாட்டார். துண்டைச் சுற்றித்தான் எடுப்பார், துண்டோடுதான் நீட்டுவார். நாலு பேர் வாய் படுகிற சாமான், சுத்தம் பார்க்கிறார் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு சுத்தமா என்று நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற மெஷினில் ஓர் இரைச்சல் வரும். யாரும் வாசிக்காதபோதே 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று இடத்திலிருந்து மின்சாரம் எடுத்து, எல்லா மெஷினையும் வயரால் பின்னிவிட்டால் எர்த் வயர்கள் ஒன்றோடொன்று வம்பு பண்ணும். முறையாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நேரம் பிடிக்கும். பெரியண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிளக்கைத் திறப்பார், பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் எர்த் வயரை வெட்டுவார், நுனியில் டேப் ஒட்டி மூடிவிடுவார். இரைச்சல் நின்றுவிடும். வந்த குழுவின் ஆட்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். தட்டிய கையை அவர் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

எர்த் வயர் எதற்கு இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மெஷினுக்குள் ஏதாவது பழுதாகி மின்சாரம் வெளிக்கூட்டில் பாய்ந்தால் ஆளைத் தாக்காமல் தரைக்குக் கொண்டுபோவது அதுதான். அதை வெட்டினால் மெஷின் வேலை செய்யும், பாட்டு கேட்கும், எதுவும் மாறினதாகவே தெரியாது. பழுது வருகிற அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆள் செத்துருவாங்க பெரியண்ணே" என்று எத்தனையோ தடவை நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"எத்தன வருசமா பண்றேன். யாராச்சும் செத்தாங்களா? சும்மா சூசா பண்ணாதலா தம்பி."

நான் வம்பு பண்ணுகிறேன் என்கிறார். அதற்குப் பிறகு என் பையில் புது பிளக்குகளைப் போட்டு வைத்துக்கொண்டு, முக்கோணம் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கழற்றி மாற்றிவிடுவேன். அவர் மறுபடி வெட்டுவார். நான் மறுபடி மாற்றுவேன். எங்களுக்குள் பேச்சில்லாமலே இந்தச் சண்டை ஓடியது.

ஸ்டெல்லா எங்களோடு வேலை செய்த பெண். மாதாகோவில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்துப் பழகியவள். கிட்டார்களுக்குச் சுருதி சேர்ப்பது, அறுந்த கம்பியை மாற்றுவது, நிகழ்ச்சிக்கு முன்னால் மேடையில் நின்று வாசித்துப் பார்த்துச் சரியென்று சொல்வது அவள் வேலை. என்னை அண்ணே என்பாள். கம்பியைத் தொட்டாலே எந்தக் கிட்டாருக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாள். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்திருந்தபோது அவர்களுடைய கிட்டார் ஆள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மீதி ஊர்களுக்கெல்லாம் ஸ்டெல்லாவையே கூட்டிப் போகலாம் என்று பேச்சு வந்தது. அன்று பிற்பகல் அவள் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பாங்காக், மணிலா எல்லாம் போவாங்களாம்ணே. அம்மா ஒரே அழுக. பொம்பளப் புள்ள தனியாவான்னு. பெரியண்ணேதான் வந்து பேசி சரிக்கட்டுனாரு" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

மதியம் மழை அடித்து ஓய்ந்திருந்தது. திடல் சொதசொதவென்று கிடந்தது. மேடையில் ஓரமெல்லாம் தண்ணீர். முதன்மைக் கிட்டார் மெஷின் இரைந்தது. கிட்டார்காரன் முகத்தைச் சுளித்தான். நான் அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணன் மேடைக்குப் பின்னால் ஓடுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்றது. நான் இழுத்த வயரைக் கீழே போட்டுவிட்டு மேடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். அதற்குள் ஸ்டெல்லா கிட்டாரை மாட்டிக்கொண்டு, இடது கையால் கம்பிகளைப் பிடித்தபடி, மைக்கில் வாய் வைத்து 'ஒன் டூ' என்று சொல்லப் போனாள்.

'ஒன்' என்பதே வரவில்லை. ஸ்பீக்கரில் படீர் என்று ஒரு சத்தம். அவள் அப்படியே விறைத்து நின்றாள். இடது கை கம்பியைப் பிடித்த பிடியில் இருந்தது, விட முடியவில்லை. வாய் மைக்கோடு ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. எல்லாரும் என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புரிந்தவர் ஒருவர்தான். பெரியண்ணன் ஓடிவந்தார், ஓடும்போதே தோள்துண்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். கிட்டார் வாரைத் துண்டோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. ஸ்டெல்லா பின்னால் போய் விழுந்தாள்.

மேடையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். உயிரைக் காப்பாற்றினவர் அல்லவா?

"பசி மயக்கம்லா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல இந்தப் புள்ள" என்று வெளிநாட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவரே தூக்கி வேனில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் மேடைக்குப் பின்னால் போய் அந்த மெஷினின் பிளக்கைத் திறந்தேன். எர்த் வயர் வெட்டியிருந்தது. கறுப்பு டேப். நுனியில் முக்கோணம். மின்சாரம் கசிந்தால் தானாக விழ வேண்டிய பாதுகாப்புச் சுவிட்சும் விழாதபடி, ஜெனரேட்டர் பக்கத்தில் அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்து, மேலே டேப் போட்டிருந்தது. நிகழ்ச்சிக்கு நடுவில் விளக்கு அணைந்தால் முன்னால் தெரிந்துவிடுமே.

ஸ்டெல்லா பிழைத்தாள். இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி போய்விட்டது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. மயக்கம் போட்டு விழுகிற பெண்ணை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது என்று அந்தக் குழு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. விரல் போன பிறகு கிட்டாரும் போயிற்று. இப்போது ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பிளக்கை எடுத்துக்கொண்டு போய் நிகழ்ச்சி ஏற்பாடு செய்தவர்களிடம் காட்டினேன். பெண்தான் பிழைத்துவிட்டாளே, விடுங்கள் என்றார்கள். ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அங்கே பெரியண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் அம்மா அவருக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். பிளக்கை மேசைமேல் வைத்துச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். பெரியண்ணன் சாப்பாட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"பேசாதப்பா" என்றார் அந்த அம்மா. "கரண்டு அடிக்கிறப்ப நீங்க எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நின்னீங்களாம். அவருதான் துண்டச் சுத்திக்கிட்டு ஓடியாந்து எம் மகள இழுத்தாராம். அந்தத் துண்டு இல்லன்னா எம் புள்ள இன்னைக்கு இல்ல."

பெரியண்ணன் சாப்பிட்டு முடித்து, குழம்புக் கையை அந்தத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தம்பிக்கு மனசு சரியில்லம்மா. அதிர்ச்சி. வுடுங்க" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிறாராம். பிளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். ஸ்டெல்லா என்னை வழியனுப்ப வந்தாள். நான் சொன்னதை நம்புவதாகச் சொன்னாள்.

"அம்மாவ வுடுங்கண்ணே. யாரோ ஒரு நல்ல மனுசன் வந்து தூக்குனாருன்னு நெனச்சுத்தான் தூங்குறாங்க. அதையும் புடுங்குனா தூங்க மாட்டாங்க."

அன்றோடு மேடை வேலையை விட்டேன். பெரியண்ணனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஸ்டெல்லாவின் அம்மா அவருக்குக் கேக் கொடுத்தனுப்புவதாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வருடத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லா குடியிருக்கும் பிளாட்டுக்காரர்கள் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். மாதாகோவிலுக்குப் போகிறவர்கள், முருகனைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் கலந்துதான் அதை வருடா வருடம் நடத்துகிறார்கள். ஸ்டெல்லாவின் அம்மா பீப்பாய் மாதிரி ஒரு பெரிய தோம்பில் ரோஜா சிராப் கலக்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா குவளையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காவடி தூக்கி வருகிறவர்களின் கால் சுடாமலிருக்க ரோட்டில் தண்ணீர் அடித்திருந்தார்கள். பந்தலுக்குள்ளும் தரையெல்லாம் ஈரம். பாவாடை சட்டை போட்ட சின்னப் பெண்பிள்ளைகள் முருகன் பாட்டுப் பாட வரிசையில் நின்றார்கள். எல்லாரும் வெறுங்கால்.

ஒரு ஜோடிக் கால் மட்டும் தடித்த ரப்பர் சப்பாத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முடி நரைத்திருந்தது. அந்தச் சிரிப்பும் துண்டும் மட்டும் அப்படியே இருந்தன.

"நாந்தான் அவரக் கூப்ட்டேன்" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "சவுண்டு சிஸ்டம் அவரே கொண்டாந்து போட்டாரு. பழசெல்லாம் இங்க வச்சுப் பேசக்கூடாது, சொல்லிட்டேன்." அவருக்கென்று ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தனியாக எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

ஓட்டை மடிக்கணினி, அரதப்பழசான மெஷின், பக்கத்துக் கட்டடத்திலிருந்து தரையோடு இழுத்து வந்த வயர். இப்படி ஓர் ஏற்பாடு இரையாமல் இருக்கவே இருக்காது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சுத்தமாக இரைச்சல் இல்லை. பந்தலின் பின்துணியைத் தூக்கினேன். பிளக் ஈரத்தில் கிடந்தது. மேலே கறுப்பு டேப், நுனியில் முக்கோணம்.

திரும்பி ஓடிவந்தேன். பெரியண்ணன் மைக்கைத் துண்டில் சுற்றி எடுத்து, துண்டு படாத முனையை முதல் பிள்ளையின் கைக்கு நீட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பிள்ளையைப் பின்னால் இழுத்தேன். மைக் மேசைமேல் விழுந்தது. பிள்ளை அழுதாள். சிராப் வாங்க நின்ற ஜனம் முழுக்க எங்களைப் பார்த்தது.

"மொதல்ல நீங்க பேசுங்க பெரியண்ணே" என்றேன். "சப்பாத்தக் கழட்டிட்டு, மைக்க வெறுங்கையில புடிச்சுப் பேசுங்க. அப்புறம் புள்ளைங்க பாடட்டும்."

"என்னாலா தம்பி, நல்ல நாளும் அதுவுமா" என்று அவர் சிரித்தார்.

"நீ மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று ஸ்டெல்லாவின் அம்மா என்மேல் பாய்ந்தார். என்னைப் பொய்யனாக்கிவிட வேண்டும் என்ற வேகம் அவருக்கு. "பெரியண்ணே, அவன் வாய அடைக்கிறதுக்காச்சும் புடிச்சுக் காட்டுங்க. முருகா முருகான்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க. அதுல என்னா?"

"தொண்ட சரியில்லம்மா."

"பேச வேணாம். சும்மா கையில புடிங்க. சப்பாத்தக் கழட்டுங்க, சாமி ரோடு இது."

பெரியண்ணன் மைக்கைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு, வேறு வழி தெரியாதபோது கை தானாகப் போகுமே, அப்படிப் போய் அந்தத் துண்டைக் கையில் சுற்ற ஆரம்பித்தது.

ஸ்டெல்லாவின் அம்மா கரண்டியைத் தோம்பிலேயே விட்டுவிட்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துண்டு எதுக்கு?" என்றார்.

"கை வேர்க்குதும்மா."

"அன்னைக்கும் இதத்தான சுத்துனீங்க. யாருக்கும் என்னான்னே தெரியல. ஓடும்போதே சுத்திக்கிட்டீங்க." அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

பெரியண்ணன் துண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா கையை நீட்டித் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். "இப்பப் புடிங்க" என்றார். அவர் பிடிக்கவில்லை. பந்தலுக்கு முன்னால் அத்தனை பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருமுறை சிரித்துப் பார்த்தார், யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. வேனில் ஏதோ எடுத்துவருவதாக முனகிவிட்டு, ஈர ரோட்டில் சப்பாத்து சளசளக்க நடந்துபோனார். திரும்பி வரவில்லை. நான் பின்னால் போய் வயரைப் பிடுங்கினேன்.

ஸ்டெல்லாவின் அம்மா தனியாக எடுத்து வைத்திருந்த பொட்டலத்தை வரிசையில் நின்ற யாரோ ஒருவர் கையில் கொடுத்தார். மகள் பக்கத்தில் போய் நின்று, அவள் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் மைக் இல்லாமலே பாட ஆரம்பித்தார்கள்.

துண்டு மேசையில் சிராப் குவளைகளுக்கு நடுவில் கிடந்தது. குழம்புக் கறையும் வியர்வை நாற்றமும் அப்படியே இருந்தன. அதைத் தொட எனக்குக் கை கூசியது. ஸ்டெல்லா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க வுடுங்கண்ணே. இந்த வெரலுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

உணர்ச்சியில்லாத அந்த இரண்டு விரல்களின் நுனியால் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைப் பையில் போட்டாள். பிறகு குழாயடிக்குப் போய், சோப்பு வாங்கி, கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.